இடாப்பில் இல்லாத இரண்டு பிள்ளைகள்

அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரையும் நான் முதலில் பார்த்தது எங்கள் பாடசாலைக் காரியாலயத்தில். காலையில் வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். அதிபரின் மேசைக்கு முன்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தார். அவருக்கு ஒரு பக்கம் பதின்மூன்று வயதுப் பிள்ளை, மறுபக்கம் ஒன்பது வயதுப் பிள்ளை. கதிரைகள் காலியாக இருந்தும் மூவரும் உட்காரவில்லை. மேசையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் இரண்டு, தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் கொடுத்த மாற்றுச் சான்றிதழ் இரண்டு, ஒரு மரணச் சான்றிதழ்.

அதிபர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உறைக்குள் வைத்தார்.

“இதெல்லாம் அங்க உள்ளது. இங்க உள்ளது ஏதாவது இருக்கா?”

“இல்லீங்க சார். குடியுரிமைக்கு எழுதிக் குடுத்திருக்கோம். கொழும்புல இருந்து வரணும்னு சொன்னாங்க.”

“வந்த பிறகு வாங்களேன்.”

“எப்ப வரும்னு யாருக்கும் தெரியலைங்க சார். புள்ளைங்க வீட்டுலயே இருக்குதுங்க.”

நான் மாத்தளை நகரத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நடன ஆசிரியை. காரியாலய விஷயங்களில் தலையிடும் வழக்கம் எனக்கு இல்லை. அன்றும் தலையிடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். இடைவேளையில்தான் அந்தக் குடும்பத்தின் கதையைக் கேட்டேன். அந்த அம்மா அப்போதும் வாசலில் நின்றிருந்தார். பிள்ளைகளுக்குத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். அப்படித்தான் பேச்சு தொடங்கியது.

அவருடைய அப்பாவும் அம்மாவும் இறத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகும் பாதையில் உள்ள ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கலவரத்துக்குப் பயந்து வவுனியாவுக்குப் போனார்கள். இவர் அங்கே பிறந்தார். பிறகு அங்கேயும் சண்டை வந்தது. ஆறு வயதில் படகில் ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அகதி முகாம். முகாமிலேயே வளர்ந்து, முகாமிலேயே கல்யாணம் முடித்தார்; இரண்டு பிள்ளைகளும் முகாமிலேயே பிறந்தார்கள். கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஒருநாள் சாரம் சரிந்து விழுந்ததில் இறந்துபோனார். பழைய தோட்டத்துக்கு முன்பே திரும்பி வந்திருந்த இவருடைய அண்ணன், “இங்கேயே வந்துரு” என்றார். வந்துவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், அண்ணனின் ஒற்றை அறையில் இப்போது ஏழு பேர்.

இறத்தோட்டையில் கேட்ட பாடசாலையில் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் பஸ் ஏறி நகரத்துக்கு வந்திருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்களுக்கு இந்தியாவில் ஒரு கிளை உண்டு. போனவர்களைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன். திரும்பி வந்தவர்களோடு நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

அதிபர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. மத்தியானம் அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு ஏற்பாடு சொன்னார். பிள்ளைகள் வகுப்பில் வந்து உட்காரலாம். ஆனால் இடாப்பில், அதாவது மாணவர் பதிவேட்டில், பெயர் ஏறாது. சேரும்போது கொடுக்கும் சேர்விலக்கம் கிடையாது. கணக்காய்வுக்கு யாராவது வந்தால் அன்றைக்கு மட்டும் வர வேண்டாம்.

அந்த அம்மா கைகூப்பிக் கும்பிட்டார். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது.

இடாப்பில் பெயர் இல்லாவிட்டால் என்னென்ன இல்லை என்பது ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் பாடப் புத்தகம் கிடைக்காது. சீருடைத் துணி கிடைக்காது. பஸ் சீசன் டிக்கட் எடுக்க அதிபரின் கடிதம் வேண்டும், அதில் சேர்விலக்கம் எழுத வேண்டும், ஆகவே சீசனும் இல்லை. தவணைப் பரீட்சை எழுதலாம், ஆனால் தேர்ச்சி அறிக்கை வராது. மூத்தவள் விஞ்ஞானத்தில் வகுப்பிலேயே மூன்றாவது அதிக புள்ளி எடுத்தாள். அந்தப் புள்ளியை வகுப்பாசிரியை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார்.

சிங்களம் அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வரலாற்றுப் பாடத்தில் வரும் அரசர்கள் எல்லோரும் அவளுக்குப் புதியவர்கள். கொப்பியை நோட்டு என்பாள். மற்றவர்கள் டீச்சர் என்று கூப்பிடும் என்னை மிஸ் என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவளை இந்தியாக்காரி என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் அவளிடம் கேட்டேன், “அப்படிக் கூப்பிடுறது கஷ்டமா இருக்கா?”

“அங்க சிலோன்காரின்னு கூப்பிடுவாங்க மிஸ். பழகிருச்சு.”

அந்த வருஷம் தமிழ்த்தினப் போட்டிக்குக் கிராமிய நடனம் பழக்க வேண்டியது என் பொறுப்பு. நான் படித்தது பரதநாட்டியம். கிராமிய நடனம் என்றால் ஒவ்வொரு வருஷமும் கொழுந்து பறிக்கும் நடனம்தான். கூடையைத் தோளில் மாட்டி, குனிந்து நிமிர்ந்து, வட்டமாக வந்து, கடைசியில் வரிசையாக நின்று கும்பிட்டு முடிப்போம். நடுவர்களுக்கும் அது மனப்பாடம். முந்தைய மூன்று வருஷமும் வலய மட்டத்திலேயே திரும்பி வந்தோம்.

பழகும் நேரத்தில் அந்த இரண்டு பிள்ளைகளும் மண்டபத்தில் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். இறத்தோட்டை பஸ் வரும் வரைக்கும் அவர்களுக்கு வேறு இடம் இல்லை. ஒருநாள் எட்டுப் பேரில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். மூத்தவளைக் கூப்பிட்டு அந்த இடத்தில் நிற்கச் சொன்னேன். நின்றாள். கூடையை மாட்டிக்கொண்டு சொன்னதைச் செய்தாள். ஆனால் அது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

சின்னவள் பின்னாலிருந்து சொன்னாள், “மிஸ், அக்கா ஒயிலாட்டம் நல்லா ஆடும். கேம்ப்ல எல்லாத் திருவிழாவுக்கும் அக்காதான் முதல் ஆளு.”

“சும்மா இரு,” என்றாள் மூத்தவள்.

“ஆடிக் காட்டு பார்க்கலாம்,” என்றேன்.

“ரெண்டு கைக்குட்டை வேணும் மிஸ்.”

பிள்ளைகளிடமிருந்து இரண்டு கைக்குட்டை வாங்கிக் கொடுத்தேன். விரலுக்கிடையில் செருகிக்கொண்டாள். வாயால் தாளம் சொல்லிக்கொண்டே ஆடத் தொடங்கினாள். முதலில் மெதுவாக முன்னால் மூன்று அடி, பின்னால் மூன்று அடி. பிறகு திரும்பி, குனிந்து, இரண்டு கையையும் ஒரே வீச்சில் மேலே தூக்கி உதறினாள். காலில் சலங்கை இல்லை. சிமெந்துத் தரையில் வெறுங்கால் விழும் சத்தம் மட்டும்தான். நேரம் போகப் போக வேகம் கூடியது. ஆனால் அடி ஒன்றும் பிசகவில்லை. இவ்வளவு நாளும் தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்த பிள்ளை இவளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடி முடித்ததும் கைக்குட்டைகளை மடித்து உரியவர்களிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ஒயிலாட்டம் தெரியாது. பார்த்திருக்கிறேன், ஆடியதில்லை. மறுநாள் அவளிடம் வெளிப்படையாகவே சொன்னேன். “இதை எனக்கும் சொல்லித் தா. மத்தப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தா. வரிசை நான் பார்க்கிறேன், அடி நீ பாரு.”

“பத்துப் பேருன்னா நல்லா இருக்கும் மிஸ். எட்டுப் பேருன்னா வரிசை சிறுசாத் தெரியும்.”

பத்துப் பேர் ஆனோம். இந்தியாக்காரி என்று கூப்பிட்ட பிள்ளைகளே அவளிடம் அடி கேட்டார்கள். அவள் கண்டிப்பானவள். ஒரு கால் தப்பினாலும் முதலிலிருந்து தொடங்கச் சொல்வாள். என்னையும் ஒருமுறை நிறுத்தினாள். “மிஸ், நீங்க அரைமண்டி உட்கார்றீங்க. இதுக்கு அப்படி உட்காரக் கூடாது.” இருபது வருஷப் பரதப் பழக்கத்தை முழங்காலிலிருந்து இறக்குவது லேசாக இல்லை.

தாளத்துக்கு அவளுடைய மாமாதான். தோட்டத்துக் கோவில் திருவிழாவில் தப்பு அடிப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்த லயத்துக்குப் போய், வாசலில் வைத்து அவர் அடிப்பதை என் தொலைபேசியில் பதிவு செய்தேன். மேலே மலையெல்லாம் மூடுபனி. குளிரில் தப்பின் தோல் தளர்ந்துபோகும் என்று நடுநடுவே காய்ந்த புல்லைக் கொளுத்திச் சூடு காட்டினார். பாடசாலையில் அதைப் போட்டுக் கேட்டபோது ஓர் ஆசிரியர், “தப்புச் சத்தத்தையா மேடைக்குக் கொண்டு போறீங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டிய நாள் வந்தது. பெயர், பிறந்த திகதி, தரம், சேர்விலக்கம். பத்தில் ஒன்பது பேருக்கு எழுதினேன். பத்தாவது வரியில் பேனையை வைத்துவிட்டு அதிபரிடம் போனேன். அவர் அதற்குள் நடனத்தை இரண்டு தடவை பார்த்திருந்தார். இந்த முறை மாகாணத்துக்குப் போகலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பிள்ளை இல்லாம ஆட்டம் இல்ல சேர்.”

பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, கல்வி அலுவலகத்தில் தனக்குத் தெரிந்த ஒரு பெண் அதிகாரியோடு பேசினார். அந்த அம்மையாரின் குரல் எனக்கும் கேட்டது.

“பிள்ளை நாட்டுக்குள்ள இருக்கு, படிக்கிற வயசும் இருக்கு. தாய்கிட்ட சத்தியக் கடதாசி ஒன்னு வாங்கிட்டுத் தற்காலிகமாச் சேர்த்துக்குங்க. மத்தப் பேப்பர் பிறகு வரட்டும். இதை நீங்க எப்பவோ கேட்டிருக்கலாமே சேர்.”

அதிபர் தொலைபேசியை வைத்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆடத் தெரிந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

மறுநாள் அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம். சமாதான நீதவான் உறுதிப்படுத்திக் கையெழுத்திடும் ஒரு சத்தியக் கடதாசிக்குத்தான் அதிபர் ஏற்பாடு செய்திருந்தார், மூத்தவளுக்கு மட்டும். “இப்ப அவசரம் இதுக்குத்தானே. சின்னதை அடுத்த தவணையில பார்ப்போம்,” என்றார். எனக்கு அது சரியில்லை என்று பட்டது. இருந்தாலும் கிடைத்ததைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பழகும் நேரத்தில் மூத்தவளிடம், “உன் பேர் இனி இடாப்பில வந்துரும்,” என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

“தங்கச்சி பேரு மிஸ்?”

“அது அடுத்த தவணையில.”

அவள் கையிலிருந்த கைக்குட்டைகளை மடித்தாள். மேடை விளிம்பில் வைத்தாள்.

“அப்ப நானும் அடுத்த தவணையில ஆடுறேன் மிஸ்.”

குரலில் கோபம் ஒன்றும் இல்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் கோபம் வந்தது. இவ்வளவு பேர் பாடுபட்டிருக்கிறோம், உனக்காகத்தான் எல்லாம், என்று ஏதோ பேசினேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் சொன்னாள்:

“அவளுக்கு ஆட்டம் வராது மிஸ். ஆட்டம் வராதவங்களுக்கு நம்பர் போட மாட்டாங்கன்னா அடுத்த தவணையிலயும் போட மாட்டாங்க.”

சின்னவள் அங்கேதான் இருந்தாள். வகுப்புத் தோழி ஒருத்தியோடு சிங்கள எழுத்துகளைத் தரையில் சோக்கால் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு அவள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். “பிள்ளை சொன்னதுல என்ன பிழை?” என்று கேட்டார். அதுதான் பிரச்சினை. ஒரு பிழையும் இல்லை.

காலையில் அதிபரிடம் போய்ச் சொன்னேன்.

“பிள்ளை நிபந்தனை போடுதா?” என்றார்.

“போடுது சேர். ரெண்டு சத்தியக் கடதாசியிலயும் ஒரே சமாதான நீதவான்தானே கையெழுத்துப் போடப் போறார். ஒரே நடையில முடிஞ்சிரும்.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு மணியடித்து எழுதுவினைஞரைக் கூப்பிட்டார். அந்த வாரமே இரண்டு பிள்ளைகளின் பெயர்களும் இடாப்பில் ஏறின. அடுத்தடுத்த இலக்கங்கள். அந்த அம்மா அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எழுதுவினைஞர் இடாப்பைத் திருப்பிக் காட்டினார். இரண்டு வரியையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

வலயப் போட்டியில் முதலிடம் வந்தோம். மாகாணப் போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது.

பெயர் ஏறியதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. சிங்களத்துக்கும் வரலாற்றுக்கும் தனியாக வகுப்பு வைக்காவிட்டால் மூத்தவள் பதினோராம் தரத்தில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கரை சேர மாட்டாள். குடியுரிமை விஷயமாகத் தாய் அடிக்கடி கொழும்புக்குப் போய் வர வேண்டும். தோட்டத்தில் அவருக்குக் கிடைப்பது நாள் கூலி வேலை, அதுவும் எல்லா நாளும் இல்லை. யாராவது ஒருவர் இந்தப் பிள்ளைகளின் படிப்பைப் பொறுப்பெடுத்தால் நல்லது என்று நினைத்தேன். அங்கேதான் நான் ஒரு பிழை செய்தேன்.

என் கணவர் சீகிரியாவுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் களஞ்சியப் பொறுப்பாளர். வெளிநாட்டு விருந்தினர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவது அங்கே நடக்கிற விஷயம்தான். நான் ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதினேன். அகதிக் குழந்தைகள், தகப்பன் இல்லை, முகாமில் பிறந்தவர்கள், புத்தகம் இல்லை, ஆனால் மூத்தவள் அழகாக ஆடுவாள். அதைக் கணவரிடம் கொடுத்து மனேஜரிடம் காட்டச் சொன்னேன். மனேஜர் நல்ல மனுஷன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி வேனும் அனுப்பினார்.

நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் புல்தரையில் ஆட்டம். பிள்ளைகளுக்கு ஹோட்டல் புதினமாக இருந்தது. சின்னவளும் வந்திருந்தாள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மனேஜர் ஒலிவாங்கியைப் பிடித்து நான் எழுதிய அரைப் பக்கத்தை அப்படியே வாசித்தார். மூத்தவளைத் தோளில் கைவைத்து முன்னால் நிறுத்தி வாசித்தார். ஆங்கிலம் அவளுக்கு அவ்வளவாக ஓடாது. ஆனால் ‘ரெஃபியூஜி’ என்ற அந்த ஒரு சொல் தெரியும். முகாம் வாசல் பலகையில் பிறந்ததிலிருந்து பார்த்த சொல்.

ஆடினாள். நன்றாகவே ஆடினாள். எல்லோரும் கைதட்டினார்கள். வயதான வெளிநாட்டுத் தம்பதி ஒன்று எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அந்த அம்மையாரின் கண் கலங்கியிருந்தது.

திரும்பி வரும்போது தம்புள்ளை தாண்டும் வரைக்கும் வேனில் பாட்டும் சிரிப்புமாக இருந்தது. மூத்தவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நாலந்தை வரும்போது என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

“அந்தப் பேப்பர்ல எழுதினது யாரு டீச்சர்?”

அப்போதுதான் கவனித்தேன், மிஸ் என்று சொல்லவில்லை. எப்போதிலிருந்து டீச்சர் ஆனேன் என்று தெரியவில்லை.

“நான்தான்.”

“அதைச் சொல்லிட்டுத்தான் ஆடணுமா?”

உதவி கிடைக்க வேண்டும் என்றால் நிலைமையைச் சொல்லத்தானே வேண்டும் என்று ஏதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். “மத்த ஒம்போது பேரும் சும்மா ஆடினாங்க. நான் மட்டும் அகதியா ஆடினேன்,” என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவள் அப்பாவின் மரணத்தை நான் யாரிடமும் கேட்காமல் முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் கேட்கவில்லை. தாயிடமும் கேட்கவில்லை.

அந்தத் தம்பதி மூத்தவளின் படிப்பை முழுவதும் பொறுப்பெடுக்கிறோம் என்று மனேஜர் மூலம் எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு வேண்டுகோள். மாதத்துக்கு ஒரு தடவை அவள் ஆடுவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். தங்கள் ஊரில் நண்பர்களுக்குக் காட்டினால் இன்னும் பல பிள்ளைகளுக்கு உதவி வரும் என்று எழுதியிருந்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

இந்த முறை கேட்டுவிட்டுத்தான் பதில் எழுதுவது என்று லயத்துக்குப் போனேன். தாயிடமும் மகளிடமும் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். வேனில் நடந்ததையும் சொல்லி, என் பிழை என்றும் சொன்னேன். தாய் பால் இல்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

“முகாம்ல இருந்தப்ப வருஷா வருஷம் யாராவது வருவாங்க டீச்சர். புள்ளைங்கள வரிசையா நிக்க வச்சுப் படம் எடுப்பாங்க. கெட்டவங்க இல்ல. நோட்டுப் புத்தகம் குடுத்துட்டுத்தான் போவாங்க. ஆனா நாங்க இங்க வந்தது அந்த வரிசையில நிக்காம இருக்கத்தான்.” மகளைப் பார்த்தார். “நீ என்னடி சொல்ற?”

“மார்க்கு அனுப்புறேன். ஆட்டம் வேணாம்.”

அப்படியே எழுதினேன். மரியாதையாக, நன்றியோடு, தேர்ச்சி அறிக்கை அனுப்புகிறோம், வீடியோ அனுப்ப இயலாது என்று எழுதினேன். பதில் வர ஒரு மாதம் ஆனது. தங்கள் நிலைமையை அவர்கள் அன்பாக விளக்கியிருந்தார்கள். வேறொரு நாட்டில் வேறொரு பிள்ளைக்கு உதவ முடிவு செய்துவிட்டார்களாம்.

நான் நல்லதொரு வாய்ப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று பல நாள் யோசித்தேன். இப்போதும் சில வேளை யோசிப்பதுண்டு.

மாகாணப் போட்டியில் மூன்றாமிடம். அதோடு அந்த வருஷத்து ஆட்டம் முடிந்தது. அதிபருக்கு ஏமாற்றம். பிள்ளைகள் பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தார்கள்.

உதவி பிறகு வேறு வழியாக வந்தது. நான் தேடி வந்ததல்ல. தாய் தோட்ட வேலையை விட்டு, மாத்தளை கடைத்தெருவில் ஒரு ஹாஜியாரின் களஞ்சியத்தில் மிளகும் கராம்பும் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பாடசாலை விட்டதும் பிள்ளைகள் அங்கே போய்த் தாய் வேலை முடியும் வரைக்கும் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார்கள். ஒருநாள் ஹாஜியார் எனக்குச் சொல்லி அனுப்பினார். போனேன். அறுபது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசினார்.

“இந்தப் புள்ளைகளுக்கு என்னென்ன வேணும்? தாய்கிட்டக் கேட்டா ஒண்டும் வாணாம்னு சொல்றா. நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். சிங்களத்துக்கும் வரலாற்றுக்கும் தனி வகுப்பு, காலுக்குச் சப்பாத்து, கொழும்புக்குப் போய்வரச் செலவு. எழுதிக்கொண்டார்.

“மூத்த பிள்ளை நல்லா ஆடும் ஹாஜியார். ஒரு நாளைக்கு வந்து பாருங்க,” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

“எனக்கு அதுகள் விளங்காது டீச்சர். அது அவட விருப்பம். எனக்கு ஒவ்வொரு தவணையும் ரிப்போர்ட்டைக் காட்டினாப் போதும். ரெண்டு பேரிடதும்.”

ரிப்போர்ட்டைக் காட்டுவது அந்தப் பிள்ளைகளுக்கு எந்த மேடையையும்விடப் பயமான காரியம் ஆனது. அவர் ஒவ்வொரு பாடமாக வாசிப்பார். முதல் தவணையில் மூத்தவளுக்குச் சிங்களத்தில் பதினெட்டு. கண்ணாடியை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கினார். “இந்த ஊர்ல சிங்களம் இல்லாம ஒரு கிலோ மிளகு விக்க ஏலாது,” என்றார். அன்றிலிருந்து களஞ்சியத்துக்கு வரும் சிங்கள வியாபாரிகளுக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார். அவள் அழுதுகொண்டே பழகினாள். அந்த வியாபாரிகளும் பொறுமையாகத் திருத்தினார்கள்.

சின்னவளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு வருஷத்துக்குள் சிங்களம் தண்ணீராகப் பேசினாள். தாய் குடியுரிமை விஷயமாகக் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் அவளைத்தான் கூட்டிப் போவார். பத்து வயதுப் பிள்ளை ஒவ்வொரு மேசையாக நின்று தாய்க்காகப் பேசுமாம். ஓர் அதிகாரி, “நீ எங்கே பிறந்தாய்?” என்று கேட்டதற்கு, “அதைத்தான் நீங்க எழுதித் தரணும்,” என்று சிங்களத்தில் சொன்னாளாம். அவர் சிரித்துவிட்டாராம். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் ஆனது. கடைசியில் இரண்டு பேருக்கும் குடியுரிமைச் சான்றிதழ் ஒன்றாகவே வந்தது. தாய் அதன் பிரதி ஒன்றை ஹாஜியாருக்கும், ஒன்றை எனக்கும் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு எதற்கு என்று கேட்டேன். “எங்க வீட்டுல ஒன்னு தொலைஞ்சா இருக்கட்டும்,” என்றார். என் அலுமாரியில் இருக்கிறது.

மூத்தவள் சாதாரண தரத்தில் எல்லாப் பாடமும் சித்தி. நடனத்தில் ஏ. சிங்களத்தில் சி. உயர்தரத்துக்கு நடனத்தை ஒரு பாடமாக எடுப்பாள், பிறகு பல்கலைக்கழகத்தில் நுண்கலை படிப்பாள் என்று நான் மனதுக்குள் ஒரு திட்டமே போட்டு வைத்திருந்தேன். விண்ணப்பம் நிரப்பும் நாளில் பார்த்தால் வணிகப் பிரிவு என்று எழுதியிருந்தாள்.

“நடனம்?” என்று கேட்டேன்.

“திருவிழாவுக்கு ஆடுவேன் டீச்சர். தோட்டத்துல புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன். பரீட்சைக்கு வேணாம். மிளகு ஏற்றுமதி பண்றது எப்படின்னு படிக்கணும்.”

எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. நான் கண்டெடுத்த ஆட்டக்காரி என்ற எண்ணம் எனக்குள் எவ்வளவு இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் வழக்கம்போலக் காலையில் வணக்கம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். எட்டாம் நாள் நானும் வணக்கம் சொன்னேன்.

இப்போது அவள் உயர்தரம் முடித்துவிட்டுக் கண்டியில் கணக்கியல் படிக்கிறாள். காலையில் ரயிலில் போய் மாலையில் வருகிறாள். குடும்பம் லயத்தை விட்டு நகரத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டது. சின்னவள் எங்கள் பாடசாலை விவாதக் குழுவில் இருக்கிறாள். அவளை எதிர்த்துப் பேச மற்றப் பாடசாலைப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று கேள்வி.

போன தவணையில் இந்தியாவிலிருந்து இன்னொரு குடும்பம் வந்தது. மூன்று பிள்ளைகள். இப்படி வருபவர்களைச் சேர்க்கும் வழி எனக்குத் தெரியும் என்று காரியாலயத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அதிபர் இப்போது வேறொருவர். அந்தப் பிள்ளைகளிடம் ஆடத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. எந்த வகுப்பு வரைக்கும் படித்தீர்கள் என்று கேட்டேன். நடுவில் நின்ற பிள்ளை, ஏழாம் வகுப்பு பாதியில் நின்றுவிட்டது என்றாள். உட்காரச் சொல்லி நான்கு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, அவர்களின் தாயிடம் விபரம் எழுதத் தொடங்கினேன்.